பத்து மாதத்துக்கு மட்டும் வீடு

கொடைக்கானலில் வாடகைக்கு வீடு தேடிய யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். “வீட்டு ஓனருங்களுக்குப் பேராசை. ஒரு மே மாசத்துலயே அள்ளிடறாங்க. நம்மள மாதிரி ஆளுக்கு எதுக்கு வீடு குடுக்கணும்?” டீக்கடையில் இதைச் சொல்வார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்வார். நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில் வாரத்துக்கு ஒருவராவது சொல்வார். கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று ஒட்டாமலே இருந்தது. கணக்கு எழுதுவது என் வேலை. வரவை மட்டும் பார்த்து எந்தக் கணக்கையும் முடிக்க முடியாது. செலவு என்ன, நிலுவை என்ன, வராமல் போனது என்ன என்று பார்த்தால்தான் ஒரு ஆள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார் என்பது புரியும். மாற்றலாகி மலைக்கு வந்து, வீடு தேடி, குடியேறிய பிறகும் இந்த யோசனை என்னை விடவில்லை.

சமவெளியில் வீடு தேடுவது வேறு, இங்கே தேடுவது வேறு. திண்டுக்கல்லிலோ மதுரையிலோ நாலு தெரு நடந்தால் ‘டு லெட்’ அட்டை ஒன்றாவது கண்ணில் படும். இங்கே ஆனந்தகிரி, நாயுடுபுரம், பாம்பார்புரம், லாஸ்காட் சாலை என்று எந்தப் பக்கம் ஏறி இறங்கினாலும் கேட்டில் தொங்குவது ரூம் அட்டைதான். நாங்கள் வந்தது மார்ச் மாதம். மலைப்பாதையில் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வண்டியை நிறுத்துவார்களே ரூம் புரோக்கர்கள், அவர்களில் ஒருவரிடம் என் கணவர் கேட்டார்: “அண்ணே, ரூம் வேண்டாம். மாச வாடகைக்கு வீடு இருக்கா?” அவர் சிரிக்கவில்லை, விரட்டவும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஃபேமிலியா? சீசன் முன்னாடி கேட்டா யாரும் குடுக்க மாட்டாங்கண்ணே. ஜூன் கடைசில தேடுங்க, கெடைக்கும்” என்றார். இந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்த முதல் உருப்படியான தகவல் அதுதான். அதுவரை பள்ளி விடுதியில் ஒரு அறையில் ஒண்டிக்கொண்டோம்.

அவர் சொன்னபடியே ஜூனில் வீடுகள் இருந்தன. ஆனால் பாதிக்கு மேல் ஒரு நிபந்தனையோடு இருந்தன. “ஏப்ரல், மே ரெண்டு மாசம் மட்டும் காலி பண்ணிக் குடுத்துடணும். சாமானெல்லாம் ஒரு ரூம்ல போட்டுப் பூட்டிக்கங்க, அந்த ரெண்டு மாசத்துக்கு வாடகை வேண்டாம்.” நமக்கு ஏதோ சலுகை செய்வதுபோலத்தான் சொல்வார்கள். ஏப்ரலில் என் மகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு. மே மாதத்தில் எங்கள் அலுவலகத்தில் அட்மிஷன் வேலை, லீவு என்று வாயைத் திறக்க முடியாது. ஊரே ரூம் கிடைக்காமல் அலையும் அந்த இரண்டு மாதத்தில் உள்ளூரில் வேலை பார்க்கிற ஒரு குடும்பம் எங்கே போய்த் தங்கும்?

எங்கே போகிறார்கள் என்பதை அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்காவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மூஞ்சிக்கல் பக்கம் அப்படி ஒரு பத்து மாத வீட்டில் பல வருடமாக இருக்கிறார். மார்ச் கடைசி வாரம் வந்தால் குக்கர், இட்லிக் குண்டான், டிவி, பீரோ எல்லாம் பின்னறைக்குள் போகும். துணிமணியை மூட்டை கட்டி, கோடை மழைக்கு ஒழுகினாலும் நனையாதபடி மேலே தார்ப்பாய் போட்டு மூடுவார். சாமிப் படங்களை மட்டும் பூட்டி வைக்க மாட்டார். யார் யாரோ வந்து தங்கப் போகிற வீட்டில் சாமியை விட்டுவிட்டுப் போக மனசு வராதாம். பழைய சேலையில் சுற்றி, பிள்ளைகளோடு பண்ணைக்காட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்கு எடுத்துப் போவார். அங்கிருந்து விடிவதற்கு முன் பஸ் ஏறி வேலைக்கு வருவார். சாயந்திரம் திரும்பும்போது சீசன் நெரிசலில் பெருமாள்மலை வரைக்கும் போவதற்கே பொழுது போய்விடும். சுற்றுலாப் பயணிகளின் ஓட்டல் அறையைச் சுத்தம் செய்பவர், அவர்களுக்குப் பரோட்டா போடுபவர், அவர்கள் விழுந்தால் கட்டுப் போடும் நர்ஸ் என்று பலருக்கும் சீசன் வந்தால் இதே பாடுதான். இது சரியில்லை. மற்ற விஷயங்களில் எனக்குத் தயக்கம் உண்டு, இதில் இல்லை.

சீசனுக்காகவே உண்டான ஊர்

வீட்டைத் திறப்பதும் பூட்டுவதும் இங்கே புதிதல்ல. 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் கீழே வாட்டிய வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பிப்பதற்காக முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். 1863இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். வெயில் காலத்தில் மேலே வருவது, முடிந்ததும் இறங்குவது என்ற பழக்கத்தில்தான் இந்த ஊரே பிறந்தது. துரைமார் இறங்கிப் போன பிறகும் இங்கேயே பனியிலும் மழையிலும் கிடந்தவர்களுக்கு யார் வீடு கட்டினார்கள் என்று எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இப்போதைய அளவைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகராட்சியின் மக்கள்தொகை 36,501. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது, வெளியூர் வண்டிகள் இணையத்தில் முன்னாலேயே அனுமதி எடுத்துக்கொண்டு வர வேண்டும். 2025 ஏப்ரலில் சீசனுக்காக எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 6,000. வண்டிக்கு நாலு பேர் என்று வைத்தாலும் ஒரு வார நாளில் 16,000 பேர் வரலாம். அதாவது கட்டுப்படுத்திய பிறகும் ஊர் ஜனத்தொகையில் கிட்டத்தட்ட பாதி. அரசு பஸ்ஸில் வருகிறவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. அதற்கேற்ப வீடுகளைக் கட்டித் தள்ளவும் முடியாது. மலை நகரங்களுக்கான கட்டட விதிகளும் இந்த ஊரின் மாஸ்டர் பிளானும் 1993இல் வந்தவை. கட்டடத்தின் உயரத்துக்கும் சரிவில் கட்டுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. அந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. மழைக் காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து கிடப்பதைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி பேச மாட்டார்கள். ஆனால் இருக்கிற வீடுகளையே பங்குபோட வேண்டிய ஊரில், வந்து போகிறவருக்கு எவ்வளவு, வாழ்கிறவருக்கு எவ்வளவு என்று யாரும் பிரித்து வைக்கவில்லை. 2020க்குப் பிறகு லேப்டாப்போடு வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெங்களூர்ச் சம்பளத்தோடு உள்ளூர்ச் சம்பளம் போட்டி போட முடியுமா?

காலண்டர் தாளில் ஒரு கணக்கு

ஆனந்தகிரியில் படி இறங்கிப் போகிற ஒரு சந்தில் அந்த வீடு. கீழே ஓனர் அம்மா, மேலே இரண்டு அறையும் சமையலறையும். மேற்குச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது, மற்றபடி நல்ல வெளிச்சம். சந்துக்குள் வண்டி வராது. “சாயங்காலம் ஆனா படிகிட்ட காட்டுமாடு வந்து நிக்கும், பிள்ளைய பாத்து வரச் சொல்லணும்” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மறைக்காமல் சொன்னதால் அவர்மேல் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. வாடகை 8,500. ஏப்ரல், மே காலி செய்ய வேண்டும்.

“வருசம் பூரா இருக்கற மாதிரி குடுக்க முடியாதாம்மா?”

“கட்டுப்படியாகாதும்மா. சீசன்ல ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் வருது.”

“எத்தனை நாள் வருது?”

அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரிலிருந்து பழைய தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார். “நீயே போடு. நீதான் கணக்கு வேல பாக்கறேன்னியே.”

தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தோம். வண்டி நிறுத்த இடமில்லாத வீடு என்பதால் மற்ற இடமெல்லாம் நிரம்பிய பிறகுதான் இங்கே ஆள் வரும். இரண்டு மாதத்தில் இருபத்தைந்து நாள் வந்தால் அதிகம் என்றார். 50,000. ஆளைக் கூட்டி வருகிறவருக்கு ஐந்தில் ஒரு பங்கு, 10,000. பெட்ஷீட் துவைக்க, கூட்டித் துடைக்க ஆள்கூலி நாளுக்கு 200 வீதம் 5,000. மே மாதத்தில் குழாயில் தண்ணீர் வராதபோது லாரித் தண்ணீர், கீசர் ஓடுவதால் ஏறும் கரண்ட் பில், கேஸ் எல்லாம் சேர்த்து 4,000. கையில் நிற்பது 31,000. அதே இரண்டு மாதத்துக்கு என்னைப் போல ஒருத்தி இருந்தால் 17,000. வித்தியாசம் 14,000.

“அவ்வளவுதானா?” என்றார். தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார். அப்புறம் அவரே ஒன்றைச் சேர்த்தார். போன வருடம் இருந்தவர்கள் ஏப்ரலில் காலி செய்து போனார்கள், திரும்பி வரவில்லை. ஜூனில் வேறு ஆள் அமையவில்லை. ஜூலை பாதியில் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் வீடு மாறுவார்கள்? ஆவணி வரைக்கும் வீடு பூட்டியே கிடந்தது. அந்த நஷ்டத்தை எழுதினால் பதினாலாயிரமும் போய் அதற்குமேலும் போகிறது. “ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவத் தட்டி வெந்நீர் வரலம்பாங்க. பாட்டில ஒடைச்சிட்டுப் போவாங்க. அதுக்கெல்லாம் என்னா கணக்கு?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

வாடகையை 9,500 ஆக்கிக்கொள்ளலாம், வருடம் முழுக்க இருக்கிறோம் என்றேன். மாதம் ஆயிரம் கூடினால் வருடத்துக்கு 12,000, வித்தியாசம் ஏறக்குறைய அடைந்துவிடுகிறது. எனக்கும் ஆயிரம் ரூபாய் பெரிதுதான், ஆனால் இரண்டு மாதம் வெளியே தங்குகிற செலவைப் பார்த்தால் அது குறைவு. தாளில் எல்லாம் சரியாக வந்தது. அவரும் சரிதான் என்றார். ஆனாலும் தலையை ஆட்டினார். “வேண்டாம்மா. ஏப்ரல் மே காலி பண்றதுன்னா சொல்லு.”

இந்த இடத்தில்தான் நான் நின்றேன். பணம்தான் காரணம் என்றால் பணம் சரியான பிறகு ஏன் மறுக்க வேண்டும்? கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் காபி போட உள்ளே போய்விட்டார். டம்ளரைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார். அவர் கணவர் இருந்தபோது மேல் வீட்டில் ஒருவரை வைத்திருந்தார்கள். எழுத்து எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். கணவர் இறந்ததும் அந்த ஆள் வாடகை கொடுப்பதை நிறுத்திவிட்டார். போகச் சொன்னால், இத்தனை வருசம் இருந்திருக்கேன், போக முடியாது என்றார். போலீசிடம் போனால் இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். பேங்க் கடன் வாங்கிக் கட்டிய வீடு, தவணை மட்டும் மாதா மாதம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கையிலிருந்து பணம் கொடுத்துத்தான் அவரைக் காலி செய்ய வைத்தார்கள்.

“வருசத்துல ரெண்டு மாசம் காலியாயிட்டா, வீடு இன்னும் எங் கையிலதான் இருக்குன்னு ஒரு தெம்பும்மா. காசுக்காக மட்டுமில்ல.”

பேராசைக்குப் பக்கத்தில் இருந்தது

ஏப்ரல் மே நிபந்தனையை இந்தக் கோணத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதன் பிறகு ஒரே ஒரு வீட்டை வைத்துக்கொண்டு மேலேயோ பக்கத்திலோ ஒரு போர்ஷனை விடுகிற ஓனர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாரிடமும் இப்படி ஒரு கதை இருந்தது. அவர்களுடையதாக இல்லாவிட்டால் அண்ணன் வீட்டில், கொழுந்தனார் வீட்டில் நடந்ததாக இருந்தது. ரூமுக்கு வருகிறவர் பணத்தை முன்னாலேயே கொடுத்துவிடுகிறார், மறுநாள் பதினொரு மணிக்குப் போய்விடுகிறார். அவர் எவ்வளவு தொந்தரவு கொடுத்தாலும் போவது நிச்சயம். மாத வாடகைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் போவாரா என்பது நிச்சயமில்லை. இந்த ஊரில் பல வீடுகள் நமக்குக் கிடைக்காமல் இருப்பதற்கு அந்தப் பயம் பெரிய காரணம் என்பது என் முடிவு. ஓனர்களைத் திட்டிக்கொண்டிருக்கும்வரை அந்தப் பயத்தை யாரும் தொடப் போவதில்லை.

தொட வழி இருக்கிறது என்பதுதான் ஆதங்கம். பழைய 1960ஆம் வருட வாடகைச் சட்டத்தை எடுத்துவிட்டுத் தமிழ்நாட்டில் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாய்ப்பேச்சுக்கு இதில் இடமில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும், அதை இணையத்திலேயே செய்யலாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. வாடகை இரண்டு மாதம் நின்று, நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால் ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அதே சமயம் குடியிருப்பவரை விரட்டுவதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த முடியாது. இரண்டு பக்கமும் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவதற்கான ஏற்பாடு. ஆனால் ஆனந்தகிரியில் படிக்கட்டுச் சந்தில் இருக்கிற ஒரு அம்மாவுக்கு இதை யாரும் வந்து சொல்லவில்லை. பழைய அனுபவம் ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த சட்டம்.

நான் அச்செடுத்துக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். மதுரையில் படிக்கும் பேரனையும் கூப்பிட்டு ஒருமுறை படிக்கச் சொன்னார். அவன்தான் போனில் பதிவு செய்தான். பதிவெண் வந்த அன்றைக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார். வாடகை ஐந்தாம் தேதிக்குள் பேங்கில் விழ வேண்டும், பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை தனக்கும் கொடுக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை. ஏப்ரல் மே நிபந்தனை ஒப்பந்தத்தில் இல்லை. ஆடி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் பால் காய்ச்சினோம்.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. கீழே பெரிய ஊர்களில் இருந்துகொண்டு, இங்கே வரிசையாகக் காட்டேஜ் வாங்கிப் போட்டு, மேனேஜரை வைத்து நடத்துகிறவர்களுக்கு எந்தப் பயமும் இல்லை. அவர்கள் கணக்கு வேறு, அங்கே எந்தக் காலண்டர் தாளும் செல்லாது. அதற்கு அரசாங்கம்தான் வர வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டம் ஓனர் குடும்பம் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், ஆறு அறைக்கு மேல் விடக்கூடாது என்கிறது. இங்கே அந்தப் பெயரைப் போட்டுக்கொண்ட எத்தனையோ வீடுகளில் அடுப்பு மூட்ட ஒரு குடும்பம் இல்லை. அந்த ஒரு நிபந்தனையைப் பார்த்துப் பார்த்து அமல்படுத்தினாலே கொஞ்சம் வீடுகள் மாத வாடகைக்குத் திரும்பும் என்று நினைக்கிறேன். வருடம் முழுக்கக் குடும்பத்துக்கு வாடகைக்கு விடுகிற ஓனருக்கு நகராட்சி வீட்டு வரியில் சலுகை கொடுக்கலாம். வாடகை ஒப்பந்தம் எழுதவும் பதியவும் உதவ ஒரு மேசையும் ஒரு ஆளும் நகராட்சி அலுவலகத்தில் போடலாம். இதில் எதற்கும் மலையை வெட்ட வேண்டியதில்லை.

மாற்றலாகி வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மார்ச்சில் தேடாதீர்கள். ஜூன் கடைசியிலிருந்து ஆடி பிறக்கும்வரை தேடுங்கள். ஆடி வந்தால் ஒரு மாதம் வீடு சும்மா கிடக்கும் என்ற கவலை அப்போது ஓனருக்கும் இருக்கும். வீட்டை மழை நாளில் போய்ப் பாருங்கள், சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள், புதுப் பெயிண்டை நம்ப வேண்டாம். மே மாதத்தில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். தனி மீட்டர் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது உங்களுக்கு வந்து சேராது. வாடகையைப் பேசுவதற்கு முன்னால், இதற்கு முன் இருந்தவர்கள் எப்படி என்று ஓனரிடம் கேட்டுவிட்டு அவரைப் பேச விடுங்கள். டவுனுக்குள் அமையாவிட்டால் செண்பகனூர், அட்டுவம்பட்டி, வில்பட்டி, பெருமாள்மலைப் பக்கம் பாருங்கள். வாடகை குறையும், ஆனால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.